கேட்பவர் பக்கம் நின்ற பொறியாளர்

இணையத்தின் காத்திருப்பு விதி, வைஃபையின் முறைவைப்பு, மறையாக்க உரிமைக்கான வழக்கு ஆகிய மூன்றிலும் ஓர் அமெச்சூர் வானொலி அழைப்புக்குறியின் தடம் பதிந்திருக்கிறது: கேஏ9க்யூ என்னும் ஃபில் கார்ன்

1980களின் நடுவில் அமெரிக்காவில் இயங்கிய எளிய அமெச்சூர் தரவு நிலையம் ஒன்றின் உடைமைகள் முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கிவிடும்: 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும் வானொலிப் பெட்டி, கூரைமேல் நிற்கும் ஆண்டெனாவுக்குச் செல்லும் தடித்த கம்பி, கணினியின் எழுத்துகளை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றித் தரும் மோடம் பெட்டி, 64 கிலோபைட் நினைவகம் கொண்ட சிறு கணினி. விசைப்பலகையில் ஒரு வரியை அடித்து முடித்ததும் வானொலியிலிருந்து கிழிபடும் துணியைப்போல ஒரு சத்தம் எழுந்து அடங்கும். 1,200 ஹெர்ட்ஸ், 2,200 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு சுருதிகள் மாறிமாறி ஒலிப்பதால் பிறக்கும் அந்தச் சத்தம்தான் விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் வானில் ஏறும் செய்தி. இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட ஓர் ஆங்கிலப் பக்கம் அந்த வேகத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் சென்றாலும் 13 விநாடிக்குக் குறையாது.

தடங்கல் இல்லாமல் செல்வதுதான் அரிது. ஊரிலுள்ள நிலையங்கள் அனைத்தும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால், ஒரு குன்றின் இருபுறமும் இருக்கும் இரண்டு நிலையங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும். உச்சியில் இருக்கும் மூன்றாவது நிலையத்தின் காதில் இரண்டும் கலந்து வெறும் இரைச்சலாக விழும். பேசிய இருவரும் சொல்லிவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள், கேட்க வேண்டியவருக்கோ எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. சொல்பவர் அறிந்தது ஒன்று, கேட்பவருக்குக் கிடைத்தது வேறொன்று என்னும் இந்த இடைவெளியை ஒரு பொறியியல் சிக்கலாக எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் அதனோடு மல்லுக்கட்டியவர் என்று ஃபில் கார்னின் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லலாம்.

### பெயராகிப்போன அழைப்புக்குறி

1956-ல் பிறந்த கார்ன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1978-ல் மின்பொறியியல் இளநிலைப் பட்டமும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979-ல் முதுநிலைப் பட்டமும் பெற்று, தொலைபேசித் துறையின் தலைசிறந்த ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1984-ல் பெல் நிறுவனம் உடைக்கப்பட்டபோது உருவான பெல்கோர் ஆய்வு நிறுவனத்துக்கு மாறி, அங்கே 1991 வரை பணியாற்றிய பின் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரிலுள்ள குவால்காமில் சேர்ந்து, கைப்பேசி வழித் தரவுப் பரிமாற்றம், வலையமைப்புப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் ஓய்வுபெறும்வரை உழைத்தார். பகலில் பெருநிறுவனத்தின் பொறியாளராகவும், மற்ற நேரத்தில் ஊதியமில்லாத வானொலி ஆர்வலராகவும் இருந்த இந்த இரட்டை வாழ்வில், உலகம் அதிகம் எடுத்துக்கொண்டது இரண்டாவது பாதி விளைவித்ததைத்தான்.

> பெட்டிச் செய்தி: ஹாம் என்பவர் யார்?
>
> - அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்று, வருமான நோக்கமின்றித் தற்பயிற்சிக்காகவும் ஆய்வுக்காகவும் வானொலியில் பேசுபவரே அமெச்சூர் வானொலியாளர், பேச்சுவழக்கில் ஹாம்.
> - ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத அழைப்புக்குறி உண்டு. கேஏ9க்யூ என்பதன் முதலெழுத்து அமெரிக்காவையும், 9 என்னும் எண் இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மாநிலங்கள் அடங்கிய வட்டத்தையும் குறிக்கும். இல்லினாயின் நேப்பர்வில் நகரில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ன் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த 9 மாறவில்லை.
> - வணிகச் செய்திகளையும், பொருளை மறைப்பதற்காகச் சங்கேதமாக்கப்பட்ட செய்திகளையும் அமெச்சூர் பட்டைகளில் அனுப்புவது அமெரிக்க விதிகளின்படி குற்றம்.

### சிறு கணினிக்குள் பெரிய வலை

கனடாவின் ஹாம்கள் 1978-லும், அமெரிக்க விதிகள் 1980-ல் தளர்ந்த பிறகு அமெரிக்க ஹாம்களும், கணினிச் செய்திகளைச் சிறு துண்டுகளாக்கி வானொலியில் அனுப்பத் தொடங்கினர். முகவரியும் பிழைச்சோதனை எண்ணும் ஒட்டப்பட்ட அத்தகைய துண்டு பாக்கெட் எனப்படும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் பாக்கெட்டைக் கடத்தும் முறை 1984-ல் ஏஎக்ஸ்.25 என்ற பெயரில் வரையறுக்கப்பட்டது. பல நிலையங்களைத் தாண்டி ஊர்விட்டு ஊர் கடத்துவது எப்படி என்பதில்தான் கருத்து பிளந்தது. தொலைபேசி இணைப்பைப்போல வழி முழுவதையும் முன்கூட்டியே நிறுவிக்கொண்டு பேச வேண்டும் என்றது ஒரு தரப்பு. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முகவரியைத் தானே சுமந்து தனித்தனியாகச் செல்லட்டும், வழியில் தொலைவதை இரு முனைகளிலும் உள்ள கணினிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது மறுதரப்பு. இரண்டாவது தரப்பின் முதன்மைக் குரலாக இருந்த கார்ன், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வலையில் வழங்கிவந்த டிசிபி/ஐபி நெறிமுறைகளை அமெச்சூர் வானொலியும் ஏற்க வேண்டுமென்று 1985-ல் ஹாம்களின் கணினி வலையமைப்பு மாநாட்டில் முன்மொழிந்தார்.

பல்கலைக்கழகங்களின் பெரிய கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த அந்த நெறிமுறைகள் வீட்டுக் கணினியில் அடங்குமா என்ற ஐயத்துக்கு அவர் நிரல் எழுதியே விடை சொன்னார். முதலில் சிபி/எம் என்னும் பழைய இயங்குதளத்துக்காகவும், பின்னர் ஐபிஎம் பிசியின் டாஸ் இயங்குதளத்துக்காகவும் அவர் எழுதிய தொகுப்பு அவருடைய அழைப்புக்குறியையே பெயராகக் கொண்டு கேஏ9க்யூ என்று வழங்கியது. ஒரு நேரத்தில் ஒரே வேலையை மட்டுமே செய்யத் தெரிந்த டாஸுக்குள், கோப்புப் பரிமாற்றம், மின்னஞ்சல், தொலை உள்நுழைவு, பிறருடைய பாக்கெட்டுகளை இடம் மாற்றிவிடும் திசைவிப் பணி ஆகியவற்றை அது ஒருங்கே நடத்தியது. மூலநிரலுடன் வெளியிடப்பட்டதால் பல நாட்டு ஹாம்கள் அதைத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டனர். ஒரே காலத்தில் அதன் பல வடிவங்கள் புழங்கின.

வானொலிக்காக எழுதப்பட்ட அந்தத் தொகுப்பு தொலைபேசிக் கம்பியிலும் அதே இயல்போடு ஓடியதால், விளைவு ஹாம்களின் வட்டத்தோடு நிற்கவில்லை. 1992-ல் மாதம் ஏறத்தாழ 10 பவுண்டு கட்டணத்தில் பொதுமக்களுக்கு இணையம் வழங்கத் தொடங்கிய பிரிட்டனின் டீமன் இன்டர்நெட் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குக் கொடுத்த மென்பொருள் கேஏ9க்யூதான். வானொலி உரிமம் பற்றிக் கேள்வியே படாத பிரிட்டானியக் குடும்பங்கள், ஓர் அமெரிக்க ஹாமின் அழைப்புக்குறியைப் பெயராகத் தாங்கிய மென்பொருள் வழியே இணையத்துக்குள் நுழைந்தன.

### எந்தக் கடிதத்துக்கு இந்தப் பதில்?

டிசிபி நெறிமுறையில் அனுப்புநர் ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு, அது கிடைத்தது என்று மறுமுனை சொல்லும் ஒப்புகைக்காகக் காத்திருப்பார். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, முந்தைய பாக்கெட்டுகள் போய்வர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து அவரே முடிவு செய்வார். கெடு கடந்தும் ஒப்புகை வராவிட்டால் அதே பாக்கெட்டை மீண்டும் அனுப்புவார். இந்த எளிய ஏற்பாட்டில் மறைந்திருந்த ஓட்டை, பாக்கெட்டுகள் அடிக்கடி தொலைந்துபோகும் வானொலியில்தான் பளிச்சென்று தெரிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். கெடு 4 விநாடி. அது கடந்ததும் பாக்கெட் மறுபடி அனுப்பப்படுகிறது. 5-வது விநாடியில் ஓர் ஒப்புகை வந்து சேர்கிறது. முதல் பாக்கெட்டுக்கான பதில் அது என்றால் போய்வரும் நேரம் 5 விநாடி, இரண்டாவதற்கான பதில் என்றால் 1 விநாடி. இரண்டு பாக்கெட்டுகளும் ஒன்றேபோல் இருப்பதால் எது என்று ஒப்புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலாவதற்கு என்று தவறாகக் கொண்டால், கணக்கிடப்படும் நேரம் வீங்கிக்கொண்டே போய் இணைப்பு தூங்கி வழியும். இரண்டாவதற்கு என்று தவறாகக் கொண்டால் கெடு சுருங்கி, தாமதமாக வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகளைத் தொலைந்தவையாகக் கருதி மேலும் மேலும் பிரதிகளை அனுப்பி, ஏற்கெனவே நெரியும் பாதையை இன்னும் அடைத்துவிடும்.

கார்ன் கண்ட தீர்வு, தெரியாததைத் தெரிந்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது என்னும் கணக்குப்பிள்ளையின் நேர்மையை ஒத்தது. மறுமுறை அனுப்பப்பட்ட பாக்கெட்டின் நேர அளவை அடியோடு புறக்கணித்துவிட வேண்டும். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் பெருக்கப்பட்ட கெடுவை, மறுபடி அனுப்பத் தேவைப்படாத ஒரு பாக்கெட்டுக்கு ஒப்புகை வரும்வரை குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து 1987-ல் அவர் வெளியிட்ட ஆய்வுரையில் இடம்பெற்ற இந்த விதி, கார்ன் படிமுறை என்ற பெயரில் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அதன் அவசரத்தை அன்றைய இணையத்தின் நிலை உணர்த்தும். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், ஏறத்தாழ 400 கஜ தூரத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, நெரிசலால் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. அந்த நெரிசலை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் 1988-ல் வகுத்த தீர்வுகளின் வரிசையில் கார்னின் விதிக்கும் இடம் கிடைத்தது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் உரிய கடமைகளை வரையறுத்து 1989-ல் வெளியான ஆவணம், ஜேக்கப்சனின் கணக்கீட்டையும் கார்ன் படிமுறையையும் டிசிபிக்குக் கட்டாயமாக்கியது.

### நடுவில் இருப்பவரின் காது

குன்றின் இருபுற நிலையங்கள் மோதிக்கொள்ளும் சிக்கலுக்கு வலையமைப்பியலில் மறைமுனையச் சிக்கல் என்று பெயர். அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசு என்பதே அதுவரை இருந்த வழக்கம். ஆனால் பேசப்போகிறவர் தன் இடத்தில் நின்று கேட்கும் அமைதி, பெறப்போகிறவரின் இடத்திலும் அமைதி நிலவுவதற்குச் சான்றாகாது. 1990-ல் ஹாம்களின் மாநாடு ஒன்றில் கார்ன் படித்த கட்டுரை, கேட்கும் பொறுப்பைப் பெறுநரின் பக்கம் மாற்றிவைத்தது. அனுப்புநர் முதலில் அனுப்பலாமா என்று சிறு கேள்வி ஒன்றை விடுப்பார். பெறுநர் தன் பக்கம் அமைதியாக இருந்தால் அனுப்பு என்று விடையளிப்பார். எவ்வளவு பெரிய செய்தி வரப்போகிறது என்னும் குறிப்பும் அதில் இருக்கும். கேள்வியைக் கேட்டிராத தொலைநிலையம்கூடப் பெறுநரின் விடையைக் கேட்டுவிடும். கேட்டதும் அந்தச் செய்தி முடியும்வரை வாயை மூடிக்கொள்ளும். இந்த முறைக்கு மாக்கா என்று அவர் பெயரிட்டார்.

வடுவூர் பார்கவன் உள்ளிட்ட ஆய்வாளர் நால்வர் 1994-ல் அதை மேம்படுத்தி மாக்கா-டபிள்யூ என்னும் வடிவை உருவாக்கினர். 1997-ல் வெளியான 802.11 தரவரையறையிலும், அதாவது இன்று வைஃபை என்று வீடுதோறும் அறியப்படும் முறையின் முதல் விதிநூலிலும், அந்தக் கேள்வி-விடைப் பரிமாற்றம் இடம்பெற்றது. எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் அது கட்டாயமில்லை. செய்தி நீளமாகவும் மோதல் வாய்ப்பு மிகுந்தும் இருக்கும்போது பயன்படுத்த வாய்ப்பளிக்கும் ஏற்பாடாகவே அது வைக்கப்பட்டது.

> பெட்டிச் செய்தி: 256 பைட், 13 விநாடி
>
> - விண்ணில் சுழலும் செயற்கைக்கோளின் ஆண்டெனா திசை மாறும்போதெல்லாம் குறிகை மங்கி மீளும். 2000-ல் ஏவப்பட்ட ஏஓ-40 என்னும் அமெச்சூர் செயற்கைக்கோளின் தகவல் ஒலிபரப்புக்காகக் கார்ன் ஒரு பிழைதிருத்தக் குறிமுறையை வடிவமைத்தார்.
> - 256 பைட் செய்தியின் 2,048 பிட்டுகள் இருவகைத் திருத்தப் பிட்டுகள் சேர்ந்து 5,200 ஆகின்றன. விநாடிக்கு 400 வீதம் அனுப்ப 13 விநாடி.
> - அடுத்தடுத்த பிட்டுகள் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்து அனுப்பப்படுவதால், ஒரு மங்கலில் இழக்கப்படுபவை செய்தி முழுவதும் சிதறிவிடுகின்றன. மிஞ்சியவற்றைக் கொண்டு பெறுநரே முழுச் செய்தியையும் மீட்டுக்கொள்கிறார்.
> - 2013-ல் ஏவப்பட்ட ஃபன்க்யூப்-1 செயற்கைக்கோளும் இந்தக் குறிமுறையின் வழிவந்ததையே பயன்படுத்தியது.

### புத்தகம் போகலாம், வட்டு போகக் கூடாது

செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இணையாக, உரியவரல்லாத எவரும் அதைப் படிக்கக் கூடாது என்னும் தேவையும் 1990களில் எழுந்தது. பூட்டுக்கான சாவியைப்போன்ற ஓர் எண்ணைக் கொண்டு செய்தியைப் புரியாத வடிவுக்கு மாற்றுவதே மறையாக்கம். இணையப் பாக்கெட்டுகளை அவ்வாறு மறைத்து அனுப்பும் முறைகளை வரையறுத்த 1995-ஆம் ஆண்டின் ஆவணங்களில் கார்னின் பெயரும் இருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்கச் சட்டம் வலுவான மறையாக்க மென்பொருளைப் போர்க்கருவிகளின் பட்டியலில் வைத்திருந்தது. உரிமமின்றி அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது ஆயுதக் கடத்தலுக்குச் சமம்.

புரூஸ் ஷ்னையர் எழுதிய அப்ளைடு கிரிப்டோகிராஃபி என்னும் நூலின் இறுதிப் பகுதியில், மறையாக்க முறைகளுக்கான மூலநிரல்கள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. அந்த நூலை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டுமா என்று 1994 பிப்ரவரியில் கார்ன் வெளியுறவுத் துறையிடம் முறைப்படி கேட்க, நூல் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று அடுத்த மாதமே விடை வந்தது. உடனே அவர் அந்த நூலில் அச்சான அதே நிரல்களைக் கொண்ட ஃபிளாப்பி வட்டுக்கு அதே கேள்வியை எழுப்பினார். அது போர்க்கருவி, உரிமம் கட்டாயம் என்று மே மாதத்தில் விடை வந்தது. காகிதத்தில் இருக்கும்போது பேச்சாகவும், காந்தத் தகட்டில் இருக்கும்போது ஆயுதமாகவும் ஒரே வரிகள் கருதப்பட்டன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பொறுமையுள்ள ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் உழைப்பு மட்டுமே.

பேச்சுரிமையை உறுதிசெய்யும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தை முன்வைத்து அவர் 1995-ல் தொடுத்த வழக்கை வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் 1996 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே மறையாக்க ஏற்றுமதி வணிகத் துறையின் பொறுப்புக்கு மாற்றப்பட்டதால், வழக்கு மீண்டும் கீழமை நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2000-ல் அரசு விதிகளைத் தளர்த்தி, பொதுவெளியில் கிடைக்கும் மூலநிரலுக்கு வழிவிட்டதும் வழக்கே தேவையற்றுப்போயிற்று. நீதிமன்றத்தில் கார்ன் வெல்லவில்லை. ஆயினும் ஒரு நூலையும் ஒரு வட்டையும் அருகருகே வைத்துக் காட்டிய அந்த முரண், டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் கணிதவியலாளர் தொடுத்த இணை வழக்கோடு சேர்ந்து, கட்டுப்பாட்டின் பொருந்தாமையைப் பொதுமக்களுக்குப் புரியவைத்தது.

மறையாக்க உரிமைக்காக நீதிமன்றம் ஏறியவர், மறையாக்கமே தடைசெய்யப்பட்ட அமெச்சூர் பட்டைகளில் பல்லாண்டுகளாக இயங்கியவர் என்பது முரணாகத் தோன்றலாம். ஊர்க்கிணற்றைப்போன்ற பொதுச் சொத்தான அமெச்சூர் பட்டையில், யார் என்ன பேசுகிறார் என்று எவரும் கேட்டறிய முடிவதே அதன் ஒழுங்குக்குக் காவல். இணையத்திலோ கேட்பவர் யார் என்பதைப் பேசுகிறவர்களே தீர்மானிக்கும் உரிமைதான் கேள்விக்குள்ளாகியிருந்தது. இரண்டு இடங்களிலும் மையக் கேள்வி ஒன்றே: கேட்கும் உரிமை யாருக்கு?

### 44-ல் தொடங்கும் சொத்து

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி உண்டு. அந்த எண்களுக்கு விலையே இல்லாத 1981-ல், ஹேங்க் மேக்னஸ்கி என்னும் ஹாமின் முயற்சியால் 44 என்னும் எண்ணில் தொடங்கும் முகவரிகள் முழுவதும், அதாவது 1,67,77,216 முகவரிகள், அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்டன. உலகில் முகவரிகள் தீர்ந்துபோகத் தொடங்கியதும் அந்த எண்கள் நிலத்தைப்போல விலைபேசப்பட்டன. முகவரிகளை நெடுங்காலம் பேணிவந்த பிரையன் காண்டோர் நிறுவிய ஏஆர்டிசி என்னும் அறக்கட்டளை, 2019-ல் அவற்றின் கால் பங்கான 41,94,304 முகவரிகளை 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு அமேசானுக்கு விற்றது. அதே ஆண்டு நவம்பரில் காண்டோர் மறைந்த பின் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பு கார்னிடம் வந்தது.

> பெட்டிச் செய்தி: விற்றதும் மிஞ்சியதும்
>
> - மொத்தம்: 1,67,77,216 முகவரிகள்
> - விற்றது: 41,94,304
> - ஹாம்களுக்கு மிஞ்சியது: 1,25,82,912
> - பயன்: வருவாயிலிருந்து உதவித்தொகைகளும் ஆய்வு நல்கைகளும். எம்ஐடி கல்வி நிறுவனத்தின் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலுள்ள பெரிய ஆண்டெனாவையும் அதன் கோளக் கவசத்தையும் மாணவர் வானொலிச் சங்கம் புதுப்பிக்க 2021-ல் 16 லட்சம் டாலர் வழங்கப்பட்டது.

பயன்படாமல் கிடந்த எண்கள் கல்விக்கும் ஆய்வுக்கும் முதலாயின என்பது ஒரு பக்க நியாயம். எல்லா நாட்டு ஹாம்களுக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட ஒன்றைச் சிலர் கூடி முடிவெடுத்து விற்ற பிறகே மற்றவர்களுக்குச் செய்தி வந்தது என்னும் மனக்குறையும் ஹாம்களிடையே வெளிப்படையாகவே எழுந்தது. கேட்பவரின் நிலையறிந்து பேச வேண்டும் என்பதை நெறிமுறையாகவே எழுதிவைத்த சமூகத்தில், அந்தக் கேள்வி-விடைப் பரிமாற்றம் நிகழாமலேயே ஒரு பெரிய முடிவு அனுப்பப்பட்டுவிட்டது என்பதுதான் அந்தக் குறையின் உட்பொருள்.

### ஓய்வுக்குப் பின் ஒரு வானொலி வாங்கி

குவால்காமிலிருந்து ஓய்வுபெற்ற பின் கார்ன் எழுதிவரும் மென்பொருளுக்கும் பழைய அழைப்புக்குறியே பெயர்: கேஏ9க்யூ-ரேடியோ. அகன்ற அலைப்பட்டை முழுவதையும் ஒருமுறை இலக்கமாக்கி, ஃபூரியே உருமாற்றம் என்னும் கணித வழியால் அதைச் சுருதி வாரியாக ஒரேயடியாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை ஒரே சமயத்தில் கேட்க அது சிறு கணினிக்கும் ஆற்றல் தருகிறது. பிரித்தெடுத்த ஒலிகள் பல்முனை அனுப்பல் என்னும் முறையில் வீட்டு வலையமைப்பில் விடப்படுகின்றன. அந்த முறையில் அனுப்புநர் ஒருமுறைதான் அனுப்புவார், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. தேவைப்படும் நிரல் தானே வந்து சேர்ந்துகொண்டு தனக்கு வேண்டிய அலைவரிசையை எடுத்துக்கொள்ளும்.

விநாடிக்கு 1,200 பிட் என்னும் குறுகிய வாய்க்காலில் தொடங்கிய பயணத்தில் வேகம் பல்லாயிரம் மடங்கு பெருகிவிட்டது. சொன்னதெல்லாம் சேர்ந்துவிட்டது என்று சொன்னவர் எண்ணிக்கொள்ளும் பிழையை மட்டும் எந்த வேகமும் போக்கவில்லை. கைப்பேசிகளில் ஓடும் டிசிபி, எந்தப் பிரதிக்கான ஒப்புகை என்று தெரியாதபோது, மறுமுறை அனுப்பிய பாக்கெட்டின் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இன்னமும் தள்ளிவைப்பது அதனால்தான்.